தெரிஞ்ச அளவுக்குப் பண்ணு

எறும்பு வீட்டை விட்டுக் கிளம்பியது ஒரு திங்கட்கிழமை காலையில். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் பின்முற்றத்தில், சைக்கிள் கொட்டகையை ஒட்டி, நீல நிறப் பேருந்து ஒன்று எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தது. முந்தின நாள் மழைத் தண்ணீர் குழிகளில் தேங்கியிருந்ததால் பெட்டியைக் கீழே வைக்க இடமில்லை. பெற்றோர்கள் ஆளுக்கொரு பெட்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடியே நின்றார்கள். அரசுப் பள்ளிகளில் சலித்துச் சலித்து, மீத்திறன் பிள்ளைகள் என்று பொறுக்கியெடுத்த சிலரை ஏற்றிக்கொண்டு அந்தப் பேருந்து வேறொரு ஊரிலிருந்த உறைவிடப் பள்ளிக்குப் போக வேண்டும். இனி விடுமுறை விட்டால்தான் வீடு.

எறும்புக்கு அப்போது பத்து வயது. அது அவள் அப்பா வைத்த பெயர். தவழ ஆரம்பித்த நாளிலிருந்து கையில் கிடைத்ததை இழுத்துக்கொண்டு மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள் என்பதால் வந்த பெயர். போகப்போகப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்களே வாய் தவறி அப்படிக் கூப்பிடும் அளவுக்கு ஒட்டிக்கொண்டது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். யாரிடமாவது பேச்சுக் கொடுக்காமல் அவரால் ஓர் இடத்தில் நிற்க முடியாது. ஓட்டுநரிடம் பிரேக் எப்படி என்று விசாரித்தார். கூடப் போகும் வார்டனம்மாவிடம் அங்கே வெந்நீர் வருமா என்று விசாரித்தார். அழுதுகொண்டிருந்த ஒரு தாயின் கணவரைப் பிடித்துக்கொண்டு, மோட்டார் எரிவதற்கு முன்னால் என்ன வாசனை வரும் என்று விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா கைப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேருந்தின் ஜன்னலுக்குக் கீழே நின்றாள். வேலைக்குப் போகும் உடுப்பில் வந்திருந்தாள். அரை நாள்தான் விடுப்பு.

எறும்பு ஜன்னல் வழியாகக் குனிந்து, அம்மாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"அம்மா, அங்க போய் நான் தப்புத் தப்பாப் பண்ணினா என்ன ஆகும்?"

அம்மா யோசிக்கவே இல்லை. அந்தக் கேள்விக்குரிய பதில் அவள் வாயில் எப்போதும் தயாராக இருந்தது.

"தெரிஞ்ச அளவுக்குப் பண்ணு. போதும்."

எறும்பு சரி என்று தலையாட்டினாள். பிறகு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேருந்து பின்னால் வந்து, திரும்பி, குழியில் ஒரு சக்கரத்தை இறக்கி ஏற்றி, வாசலைத் தாண்டியது. தெறித்த தண்ணீர் அம்மாவின் செருப்பில் பட்டது. அவள் காலை நகர்த்தவில்லை.

அப்பா எண்ணெய்க் கறை படிந்த கைக்குட்டையால் மூக்கைச் சிந்திக்கொண்டார். அவள் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "லிஃப்ட்ல கூட இப்ப எந்த மாடியில நிக்குதுன்னு நம்பர் எரியும். உன் மூஞ்சியில அதுவும் எரியாது."

"எனக்கு நேரமாச்சு, நீங்க வீட்டுக்குப் போங்க" என்றாள் அவள்.

அன்று அம்மா பிள்ளைகளைச் சோதிக்கப் போக வேண்டியிருந்தது ரயில் பாதைக்கு அப்பாலிருந்த ஒரு தொடக்கப் பள்ளி. அவளுக்கென்று எந்தப் பள்ளியிலும் அறை கிடையாது. போன இடத்தில் எது காலியோ அதுதான் அறை. சில இடங்களில் விளையாட்டுச் சாமான் போடும் அறை, சில இடங்களில் தலைமையாசிரியர் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் அவர் அறை. அன்றைக்கு முதலுதவி அறை. ஒரு கட்டில், ஒரு எடை பார்க்கும் இயந்திரம், மருந்து வாசனை. கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, குட்டை மேசை ஒன்றை இழுத்துப் போட்டு, பெட்டியைத் திறந்தாள். சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டைகள், படப் புத்தகம், பென்சில், நிறுத்துக் கடிகாரம். அந்தக் கடிகாரத்தை அமுக்கினால் கொஞ்சம் சத்தமாகவே ஓடும். அதனால் பிள்ளைகள் அவளுக்கு டிக்டிக் டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரு பள்ளியில் ஆரம்பித்த பெயர், அவளுக்கு முன்னாலேயே அடுத்த பள்ளிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று எதிரே உட்கார்ந்தது, முன்பல் விழுந்த ஒரு சின்னப் பெண். கட்டைகளைப் படத்தில் உள்ளதுபோல் அடுக்க வேண்டும். ஒன்றை அடுக்கி முடித்ததும் டீச்சரின் முகத்தைப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"இது சரியா மிஸ்?"

"தெரிஞ்ச அளவுக்குப் பண்ணு. போதும்" என்றாள் டீச்சர். சொல்லிவிட்டு அடுத்த படத்தைத் திருப்ப வேண்டும். கை கொஞ்ச நேரம் பக்கத்தின் மேலேயே கிடந்தது. கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "மிஸ், பக்கம் ஒட்டிக்கிச்சா?" என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்று சொல்லித் திருப்பினாள்.

அந்த வேலையை அவள் தேடிக்கொண்டு போகவில்லை. முதலில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாகத்தான் இருந்தாள். அரசுப் பள்ளிகளிலும் கெட்டிக்காரப் பிள்ளைகள் கண்ணில் படாமல் வீணாகிறார்கள் என்று மேலிடத்தில் யாருக்கோ உறைத்து, மீத்திறன் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்தபோது, வட்டத்துக்கு ஒருவரைச் சோதனையாளராகப் பயிற்சிக்கு அனுப்பச் சொன்னார்கள். யார் போவது என்று தலைமையாசிரியர் ஆசிரியர்களைக் கேட்டபோது எல்லோரும் ஏதோ ஒரு சாக்குச் சொன்னார்கள். அவள் சாக்குச் சொல்வதில் கெட்டிக்காரி இல்லை.

பயிற்சியில் முதல் பாடமே முகம்தான். பிள்ளை சரியாகச் செய்தாலும் தப்பாகச் செய்தாலும் சோதனையாளரின் முகம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். புருவம் ஏறினால் பிள்ளை கட்டையை மாற்றி வைத்துவிடும். 'நல்லா இருக்கு' என்று சொன்னால், அடுத்ததற்குச் சொல்லாதபோது தப்பு என்று தெரிந்துகொள்ளும். ஆளுக்கொரு கண்ணாடியைக் கொடுத்து, எதிரே இன்னொருவரை வேண்டுமென்றே கோமாளித்தனமாகப் பதில் சொல்ல வைத்துப் பழக்கினார்கள். பக்கத்து வட்டத்திலிருந்து வந்த நெட்டை மேடம் மூன்று தடவை வாய்விட்டுச் சிரித்து வெளியே அனுப்பப்பட்டாள். இவள் முதல் தடவையே தேறிவிட்டாள். "உனக்குப் பயிற்சியே வேண்டியதில்ல, பொறந்ததுலேருந்தே இப்படித்தான் போல" என்று நெட்டை மேடம் கிண்டல் செய்தாள். அன்றிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

இரண்டாவது பாடம் வார்த்தை. கட்டளை வாசகங்களை ஓர் எழுத்துப் பிசகாமல், எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே வேகத்தில் சொல்ல வேண்டும். மூன்றாவது பாடம்தான் பலருக்குக் கஷ்டமாக இருந்தது. கேள்விகள் போகப்போகக் கடினமாகிக்கொண்டே போகும். பிள்ளை தொடர்ந்து தப்புச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தலாம். அதாவது எந்தப் பிள்ளையும் ஜெயித்துவிட்டு எழுந்து போகாது. மக்குப் பிள்ளை என்றாலும் சரி, மகா கெட்டிக்காரப் பிள்ளை என்றாலும் சரி, தோற்ற இடத்தில்தான் அதற்குச் சோதனை முடியும். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் அழுதுகொண்டு போவார்கள். அவர்களுக்குத் தோற்றுப் பழக்கம் இருக்காது. அழுதாலும் ஒன்றும் சொல்லக் கூடாது. முயற்சி செய்ததற்கு நன்றி என்று சொல்லி, கதவைத் திறந்துவிட வேண்டும்.

வருடா வருடம் சோதனைக் காலம் தொடங்குவதற்கு முன்னால் சில வாரங்கள் அவள் வீட்டில் ஒத்திகை பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை காலையில், இரவு அவசர வேலைக்குப் போய்வந்த கணவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, சமையலறை மேசையில் படப் புத்தகத்தை நிறுத்தி, எதிரே காலி நாற்காலியைப் போட்டு, அந்த நாற்காலியைப் பார்த்துப் பேசுவாள். "இந்தப் படத்தில் இருப்பது போலவே கட்டைகளை அடுக்கு. முடிந்ததும் என்னிடம் சொல்." பிறகு விடையையும் தானே அடுக்கிப் பார்த்து, கடிகாரத்தை நிறுத்துவாள். எறும்பு மேசைக்கடியில் இருப்பாள். சில சமயம் அம்மாவின் முழங்காலில் தலை சாய்ந்திருக்கும். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டு காலை அசைக்காமல் ஒத்திகையைத் தொடர்வாள். முடிந்ததும் கட்டைகளைப் பெட்டியில் அடுக்குவது எறும்பின் வேலை. சிவப்பு மேலே வருகிற மாதிரி வரிசையாக அடுக்கி, மூடியை அழுத்தி, கொக்கியை மாட்டுவாள். வேறு யாரும் அந்தப் பெட்டியைத் தொடக் கூடாது என்பது விதி. மகள் கட்டையை எடுத்து வைப்பதைத் தொடுவது என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பது மாதிரி.

எறும்பின் வகுப்புக்கும் முறை வந்தது. முதலில் வகுப்புக்கே மொத்தமாக ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் மேலே வந்தவர்களையும், ஆசிரியர்கள் கைகாட்டுகிறவர்களையும் சேர்த்து ஒரு பட்டியல் எடுப்பார்கள். ஆசிரியர்கள் கைகாட்டுவது பெரும்பாலும் கையெழுத்து அழகாக இருந்து வாயைத் திறக்காத பிள்ளைகளைத்தான். எறும்பு தாளிலேயே மேலே வந்துவிட்டாள். அடுத்தது கட்டைச் சோதனை. சொந்தப் பிள்ளையைச் சோதிக்கக் கூடாது என்பதால் நெட்டை மேடம் வந்தாள். சோதிப்பதற்கு முன் பெற்றவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதை அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"விதி, கேட்டுத்தான் ஆகணும். உன் பொண்ணு இதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியப் பாத்திருக்காளா?"

"பெட்டிய மூடித்தான் வச்சிருப்பேன்" என்றாள் அம்மா.

"அது எனக்குத் தெரியாதா, உன்னைப் பத்தி" என்று சொல்லிவிட்டு நெட்டை மேடம் உள்ளே போனாள்.

அன்று சாயங்காலம் எறும்பு வீட்டுக்கு வந்து பையைக் கழற்றாமலே நின்றாள். "கடைசியில எல்லாமே தப்பாப் போச்சும்மா." எல்லாப் பிள்ளைக்கும் கடைசியில் தப்பாகத்தான் போகும், அப்படித்தான் அந்தச் சோதனையையே செய்திருக்கிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வெளியில் சொல்லக் கூடாத விஷயம் அது. "சரி, கை கழுவிட்டு வா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து நெட்டை மேடம் தொலைபேசியில் அழைத்தாள். மார்க்கைச் சொல்லக் கூடாது, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றாள். நம் வட்டங்களில் இதுவரை வராத மார்க் என்றாள். பிறகு, சிரித்தபடி, ஒன்று சொன்னாள்.

"நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள கட்டைய எடுத்துட்டாடி. பாதி வாக்கியத்துலயே அவளுக்குப் புரிஞ்சிடுது. நீ பெத்தது சாதாரண எறும்பு இல்ல."

அம்மா தொலைபேசியைக் காதில் வைத்தபடி மேசையைப் பார்த்தாள். பாதி வாக்கியத்தில் எப்படிப் புரியும் என்று அவளுக்குத் தெரியும். மீதி வாக்கியம் அவளுடைய குரலிலேயே அந்தப் பிள்ளையின் காதில் இருந்திருக்கிறது. முழங்காலில் சாய்ந்திருந்த தலை தூங்கவில்லை.

பெட்டியை முன்னாலேயே பார்த்த பிள்ளையின் சோதனை செல்லாது. இதைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதற்கு முந்தின வருடம்தான் ஒரு பையன், படத்தைத் திருப்புவதற்கு முன்பே விடையைச் சொன்னான். யாரோ ஒரு டியூஷன் வாத்தியார் எங்கிருந்தோ படங்களைப் பெற்று அவனுக்குப் பழக்கியிருந்தார். அவள் செல்லாது என்று எழுதினாள். அவன் அப்பா வீடு தேடி வந்து வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டினார். "உனக்கு ஒரு பிள்ளை இருந்தாத் தெரியும்" என்றார். அப்போது எறும்பு உள்ளே ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். டீச்சர் அவர் பேசி முடிக்கும் வரை அதே முகத்தோடு நின்றாள். அந்தப் பையன் மறுபடி சோதனைக்கு உட்கார இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியதாயிற்று. இரண்டு வருடத்தில் அவனுக்கு அந்த ஆசையே போய்விட்டதாகக் கேள்வி.

ஆகவே அவள் செய்ய வேண்டியது என்ன என்பதில் குழப்பமே இல்லை. மீத்திறன் பிரிவு அதிகாரியின் அறைக்குப் போய்ச் சொல்ல வேண்டும். சொன்னால் எறும்பின் பெயரை அடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால், மற்ற பிள்ளைகள் தாமாகப் பிடித்த இடத்தில், கேட்டுக் கேட்டுப் பாடமானதை வைத்துக்கொண்டு ஒரு பத்து வயதுப் பெண் போய் நிற்க வேண்டும். அங்கே ஒத்திகை பார்க்க மேசை இருக்காது. ஒருவேளை எறும்பு நிஜமாகவே அத்தனை கெட்டிக்காரியாகவும் இருக்கலாம். அதை இனி அந்தப் பெட்டியை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

அதிகாரியின் அறைக்குப் போகத்தான் செய்தாள். அவர் எழுந்து நின்று வாழ்த்தினார். மகள் என்று சொல்லவே இல்லையே என்று குறைபட்டுக்கொண்டார். டீ வரவழைத்தார். வழக்கமாக இந்த வட்டத்துப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை வகுப்போடு நின்றுவிடுவார்கள். வாரத்தில் ஒரு நாள் வேன் வந்து பள்ளி பள்ளியாக அவர்களைப் பொறுக்கிக்கொண்டு ஒரு மையத்துக்குப் போகும். அங்கே புதிர்க் கணக்கு, காந்தம், சதுரங்கம். மற்ற நாட்களில் பழையபடி சொந்த வகுப்பில், ஏற்கெனவே தெரிந்த பெருக்கலை மறுபடி பெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உறைவிடப் பள்ளிக்கு இந்த வட்டத்திலிருந்து ஒரு பிள்ளை போவது இதுதான் முதல் தடவை என்று அதிகாரி சொன்னார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்துக் கேட்டாள். "வேற படம் இருக்கிற அந்த ரெண்டாவது பெட்டிய வச்சு இன்னொரு தடவை பாத்துடலாமா சார்?"

அதிகாரி சிரித்துவிட்டார். "ஏம்மா, மார்க் குறைஞ்சா திரும்பப் பாருங்கன்னு சண்டைக்கு வருவாங்க. கூடினா யாராவது வருவாங்களா? அதுவும் போக, அந்தப் பெட்டியில ரெண்டு கட்டையக் காணோம். கேட்டு எழுதியிருக்கோம், வரும்போது வரும்."

"சரி சார்" என்றாள் அவள்.

அவ்வளவுதான் நடந்தது. அவள் மறைக்க வேண்டும் என்று முடிவு எடுக்கவில்லை. சொல்ல வேண்டாம் என்றும் நினைக்கவில்லை. வாய் வரை வந்தது, அங்கேயே நின்றது. வீட்டுக்கு வந்தால் கணவர் மகளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார். அவர் ரிப்பேர் பார்க்கப் போன கட்டடங்களில் எல்லாம், லிஃப்டுக்குக் காத்து நின்றவர்களுக்கெல்லாம் விஷயம் தெரிந்திருந்தது. புதுப் பெட்டி ஒன்று வாங்கி வந்திருந்தார், சக்கரம் வைத்தது. அதைக் கூடத்தில் இங்கும் அங்கும் உருட்டிக் காட்டினார். சம்மதக் கையெழுத்தையும் அவரே போட்டார்.

எறும்பிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. துணி அடுக்கும்போது அவள் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தடவை அம்மா எதையாவது எடுத்து வைக்கும்போதும் நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வை டீச்சருக்குத் தெரியும். கட்டையை வைத்துவிட்டு, சரியா தப்பா என்று பார்க்கிற பார்வை. அவள் காலுறைகளை ஜோடி சேர்த்து உருட்டி, ஷூவுக்குள் செருகினாள்.

பிள்ளை போன பிறகு வீட்டில் பெரிதாக எதுவும் மாறவில்லை. ஒரு தட்டு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையின்போது கட்டைகளை அவளே பெட்டியில் அடுக்கினாள். பள்ளியிலிருந்து வாரம் ஒரு முறை பேச விடுவார்கள். முதலில் அப்பா பேசுவார், அப்பா பேசிப் பேசி மீதி நேரம் கொஞ்சம்தான் இருக்கும். அம்மா எப்படி இருக்கிறாய் என்று கேட்பாள். நல்லா இருக்கேன் என்பாள் எறும்பு. சாப்பாடு? நல்லா இருக்கு. படிப்பு? நல்லா இருக்கு. கேள்விகளை ஒரே வரிசையில், ஒரே வேகத்தில் கேட்டாள். வேறு மாதிரிக் கேட்டால் என்ன பதில் வருமோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது என்று சொல்லலாம். பயம் என்று அப்போது அவளுக்குப் படவில்லை. ஒன்றுமே படவில்லை. வாயில் ஊசி போட்ட பல்லைப் போல அந்த இடம் மரத்துக் கிடந்தது.

முதல் விடுமுறைக்கு வந்தபோது எறும்பு மேசைக்கடியில் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒத்திகைக்கு அம்மா பேசுகிற காலி நாற்காலி. வளர்ந்திருந்தாள், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார்கள்.

"பாடமெல்லாம் கஷ்டமா இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"தெரிஞ்ச அளவுக்குப் பண்றேன்" என்றாள் மகள்.

முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "சரியாப் போச்சு, இப்ப வீட்ல ரெண்டு லிஃப்ட், ரெண்டுலயும் நம்பர் எரியல" என்றார். அவர் சிரித்தார். மகளும் கொஞ்சம் சிரித்தாள்.

அந்தப் பள்ளியில் எறும்பு முதலாவதாகவும் வரவில்லை, கடைசியாகவும் வரவில்லை. ஒவ்வொரு தடவை மதிப்பெண் அறிக்கை வரும்போதும் அம்மா அதை ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பாள். மூழ்கிவிட்டாள் என்று தெரிந்தால் அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிடலாம். மேலே வந்துவிட்டாள் என்றால் நெஞ்சில் இருப்பதை இறக்கி வைத்துவிடலாம். இரண்டும் நடக்கவில்லை. வருடா வருடம் நடுவிலேயே இருந்தாள். படித்து முடித்து, நிலப்படம் வரைகிற அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள், தொலைவில். அங்கேயே கல்யாணம். பிறந்த நாளுக்குக் கூப்பிடுவாள், உடம்பு சரியில்லை என்றால் கூப்பிடுவாள். சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. சண்டை போடுகிற அளவுக்கு இருவரும் நெருங்கிப் பேசியதில்லை.

டீச்சர் தொடர்ந்து பள்ளி பள்ளியாகப் போனாள். எத்தனையோ பிள்ளைகள் அவள் எதிரே உட்கார்ந்து, அவளைப் பார்த்து, ஒன்றும் தெரிந்துகொள்ளாமல் எழுந்து போனார்கள். ஒரே ஒரு மாற்றம்தான். சில வருடங்களில் ஒத்திகையை வீட்டில் பார்ப்பதை விட்டுவிட்டாள். அலுவலகத்துச் சாமான் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, இரும்பு அலமாரியைப் பார்த்துச் சொல்லிப் பார்ப்பாள். காணாமல் போன இரண்டு கட்டைகளும் வரவே இல்லை. கடைசியில் கட்டையே இல்லாத சோதனை வந்தது, திரையைத் தொட்டால் போதும். அதற்குள் அவளுக்கு ஓய்வு பெறும் வயதாகிவிட்டது. பெட்டியை ஒப்படைக்கப் போன அன்று, கணக்குப் பார்த்து வாங்க வேண்டிய இளைஞன் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் மூலையில் வைத்தான். உள்ளே எல்லாம் சிவப்பு மேலே வருகிற மாதிரித்தான் அடுக்கியிருந்தாள்.

நெட்டை மேடம் பிரிவு உபசார விருந்தில் பேசினாள். இந்த முகத்தைப் பார்த்து ஒரு பிள்ளைகூட விடையைக் கண்டுபிடித்ததில்லை என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாள். கைதட்டினார்கள்.

கைபேசியில் ஒரு செய்தி வந்தது அதற்கும் சில வருடம் கழித்து, ஒரு மத்தியான நேரத்தில். கணவருக்கு முழங்கால் தேய்ந்துபோய், எந்த மாடிக்கும் லிஃப்டில்தான் போக வேண்டும் என்று ஆகியிருந்தது. அதைத் தானே சொல்லிச் சிரித்துக்கொள்வார். இருவரும் சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள், அதே மேசைதான். அவர் முழங்காலுக்கு மருந்து தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். கைபேசி ஒலித்தது. கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, எடுத்துப் பார்த்தாள்.

"யாரு?" என்றார் அவர்.

"எறும்பு."

படித்து முடிக்க அவளுக்கு நேரமாயிற்று. மேலே தள்ளி, மறுபடி முதலிலிருந்து படித்தாள். தொலிகள் மேசை விளிம்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. கணவர் என்னவென்று கேட்க வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்தார். லிஃப்ட் பேச்சு எதையும் அவர் எடுக்கவில்லை. மருந்துப் புட்டியை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார். அவள் கைபேசியை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

அதில் இப்படி இருந்தது:

"அம்மா, அடுத்த வாரம் என் பொண்ணுக்கு ஸ்கூல்ல அந்த டெஸ்ட். இப்ப கட்டை எல்லாம் இல்ல. தப்பாப் பண்ணினா என்ன ஆகும்னு நேத்து என்கிட்ட கேட்டா. நீ சொன்னதுதான் எனக்கு வாயில வந்துச்சு. சொல்லாம நிறுத்திட்டேன். என்ன சொல்றதுன்னும் தெரியல. உன்கிட்ட இத்தனை நாளா சொல்லாதது ஒண்ணு இருக்கு. அன்னைக்கு அந்த மேடம் வச்ச படம் எல்லாமே எனக்குத் தெரியும். நீ ஞாயித்துக்கிழமை சொல்றதக் கேட்டுக் கேட்டு மனப்பாடம். கடைசியில கொஞ்சம் வேணும்னேதான் தப்பாப் பண்ணினேன், உனக்கு எதுவும் பிரச்சினை வரக் கூடாதுன்னு. நீ எனக்குச் சொல்லிக் குடுக்கத்தான் ஒவ்வொரு வாரமும் அப்படிச் சத்தமாப் பேசுறேன்னு நினைச்சிட்டு இருந்தேன். என்னை அங்க அனுப்பணும்னு உனக்கு ஆசைன்னு நினைச்சேன். அதனாலதான் போனேன். இப்ப கோவம் எல்லாம் இல்ல. கேக்கணும்னு மட்டும் தோணுது. நான் கீழ தூங்காம கேட்டுட்டு இருந்தது உனக்குத் தெரியுமா? நான் போகணும்னு நீ நினைச்சியா?"